சனி ஞாயிறு ரசிகமணி

டி.கே.சி.க்கு ரசிகமணி என்று பட்டம் கொடுத்தார்கள். நியாயம்தான். குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு கம்பனை ஆண்டுக்கணக்கில் ரசித்தவர் அவர். நம் காலத்து ரசிகமணிக்கு அந்த வசதி ஏது? சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அறைச் சாவி கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த இடைவெளிக்குள் பல்லவர் கலை முழுவதையும் ரசித்து முடித்து, நீச்சல் குளத்தில் இரண்டு தடவை இறங்கி, காலை பஃபேயையும் விடாமல் சாப்பிட்டாக வேண்டும்.

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு வார இறுதியில் வந்திறங்கும் இந்த மனிதரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐம்பதை நெருங்கும் வயது. நல்ல வேலை. வேளச்சேரிப் பக்கம் மூன்று படுக்கையறை வீடு. திங்கள் முதல் வெள்ளி வரை கலை என்ற சொல் அவர் வாயில் வராது. வாசலில் தினமும் புதுசு புதுசாகப் போடும் கோலத்தைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போகிறார். அது புள்ளிக் கோலமா கம்பிக் கோலமா என்று கேட்டால் விழிப்பார். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு அவருக்குள் ஏதோ ஒன்று கண் விழிக்கிறது. பரணிலிருந்து கதர் ஜிப்பா இறங்குகிறது. ஜோல்னாப் பை தேடப்படுகிறது. வாரம் முழுக்க அடையாள அட்டையைத் தொங்கவிட்ட கழுத்தில் சனிக்கிழமை காலை கேமரா ஏறுகிறது. வெறும் கழுத்தோடு வெளியே போய் அவருக்குப் பழக்கமில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி திரும்பியதும் உபந்நியாசம் தொடங்கிவிடும். ஈஞ்சம்பாக்கம் வரும்போது கையை நீட்டுவார். “இதுதான் சோழமண்டலம். ஓவியர்கள் கிராமம்.” 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கியது, பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுச் சேர்த்த காசில் கலைஞர்களே நிலம் வாங்கிய இடம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது.

“நிறுத்திப் பாத்துட்டுப் போலாமாங்க?” என்பார் மனைவி.

“வரும்போது பாத்துக்கலாம்.”

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. வரும்போது பாத்துக்கலாம். வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. பையன் கெஞ்சுவான். “கல்லைப் பாக்க வந்திருக்கோம்டா, முதலையை வரும்போது பாத்துக்கலாம்.” திரும்பி வருவது ஞாயிற்றுக்கிழமை இரவு, சென்னையை விட்டு வெளியே போன எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பும் இரவு. அப்போது அவர் பார்ப்பதெல்லாம் முன்னால் நிற்கும் வண்டியின் சிவப்பு விளக்கைத்தான்.

அறை கடலைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று அதற்குத் தனியாகப் பணம் கட்டியிருக்கிறார். உள்ளே போனதும் முதல் காரியமாகத் திரைச்சீலையை இழுத்து மூடுகிறார். ஏசி வீணாகக் கூடாதல்லவா? வங்கக் கடல் முப்பது தப்படியில் இரைந்துகொண்டிருக்க, குடும்பம் குளோரின் குளத்தில் இறங்குகிறது. அதைக்கூட மன்னித்துவிடலாம். இந்தக் கடலில் இழுப்பு அதிகம், தெரியாமல் இறங்கக் கூடாது. ஆனால் மாலை ஐந்தரைக்கு கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு, சூரிய அஸ்தமனத்தைப் படம் பிடிக்க மணலில் கடலைப் பார்த்து நிற்கிறாரே, அதற்கு என்ன செய்வது? கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பலகைகளை வழிநெடுகப் படித்துக்கொண்டே வந்தவர்தான். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால், ஊரைத் தாண்டி, பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம் அமைதியாக இறங்கிவிடும். “மேகம் மறைச்சிடுச்சு” என்று முக்காலியை மடக்குவார். மறுநாள் விடியற்காலை அதே கடலில் அதே சூரியன் ஒழுங்காக எழுந்து வரும்போது, அவர் போர்வைக்குள் இருப்பார்.

எழுப்பிவிடுவது உளிச் சத்தம். இந்த ஊரில் அது சேவல் கூவுவதற்கு முந்திவிடும். வரவேற்பு மேசைக்கு ஃபோன் போடுவார். “என்னங்க இது, காலங்காத்தால டொக்கு டொக்குனு? லீவுக்கு வந்தா நிம்மதியா தூங்க வேணாமா?”

“சிற்பக்கூடம் சார்.”

“அதுக்கு?”

இந்தக் கேள்விக்கு மேசையில் இருக்கும் பெண் என்ன பதில் சொல்வாள்? ஏழாம் நூற்றாண்டிலிருந்து இந்தச் சத்தம்தான் இந்த ஊர். 1957-இல் சிற்பக் கலைக்கென்று அரசு ஒரு பள்ளியே இங்கே தொடங்கியது. இன்று அது கல்லூரி. கன்னியாகுமரியில் 133 அடிக்கு நிற்கும் வள்ளுவரைச் சமைத்த கணபதி ஸ்தபதி அங்கே தலைமை வகித்தவர். மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ரசிகமணிக்கு இவையெல்லாம் பெருமைதான். எட்டு மணிக்கு மேல் செதுக்கினால் போதும் என்பதுதான் அவர் கட்சி.

பஃபே முடிந்து, கலையைச் சந்திக்கப் புறப்படுகிறார்கள். முதல் சோதனை நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்தில். ஆளுக்கு 40 ரூபாய். ஒரே சீட்டில் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிடலாம். 15 வயதுக்குக் கீழே என்றால் இலவசம். ஒரு இரவுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் கட்டிய கை இந்த இடத்தில் தயங்குகிறது. பையனை ஒருமுறை மேலும் கீழும் பார்க்கிறார். பிளஸ் ஒன் படிக்கிறான். மீசை அரும்பிவிட்டது. “பதினாலு” என்கிறார் சாளரத்துக்குள். பையன் தொண்டையைச் செருமுகிறான். அது கட்டபொம்மன் குரலில் வருகிறது.

அர்ஜுனன் தபசுக்கு முன்னால்தான் அவர் முழு உருவம் எடுப்பார். தொண்ணூறு அடிக்கு மேல் நீளமுள்ள பாறை. தேவர்கள், கந்தர்வர்கள், வேடர்கள், யானைகள், குரங்குகள், நடுவே பிளவில் நாகர்கள் என்று ஒரு திருவிழாக் கூட்டமே அதில் இருக்கிறது. ஒற்றைக் காலில் கைதூக்கி நிற்பவன் பாசுபதம் வேண்டிய அர்ஜுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்று அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக வாதாடுகிறார்கள். இதையெல்லாம் செய்வித்தது முதலாம் நரசிம்மவர்மனான மாமல்லனா, பல தலைமுறைப் பல்லவர்களா என்பதும் வழக்குதான். 1962-இல் இரா. நாகசாமி, எல்லாமே ராஜசிம்மன் காலத்தவை என்று எழுதி ஆய்வுலகத்தைக் கலக்கினார். ரசிகமணி இந்த வழக்குகளை மூன்று நிமிடத்தில் தீர்த்துவைக்கிறார்.

“இது பூரா ஆயனர் செதுக்கினது. சிவகாமியோட அப்பா.”

பக்கத்தில் நிற்கும் வழிகாட்டி மெல்லக் கனைக்கிறார். “சார், ஆயனர் கல்கி எழுதின கதையில வர்றவரு...”

“கல்கி சும்மா எழுதுவாரா? ஆராய்ச்சி பண்ணாம எழுத மாட்டாரு.”

வழிகாட்டி விட்டுவிடுகிறார். அனுபவசாலி. ‘சிவகாமியின் சபதம்’ தொடராக வந்த 1944-லிருந்தே இந்த ஊர்க்காரர்கள் ஆயனரைத் தேடி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிவகாமி ஆடிய இடம் எது என்று கேட்டுக் கண்கலங்கினவர்கள்கூட உண்டு. எழுத்தாளனுக்கு இதைவிட என்ன விருது வேண்டும்?

இந்த இடத்தில் ரசிகமணி கவனிக்கத் தவறும் ஒருவர் பாறையில் இருக்கிறார். பெரிய யானையின் காலடிக்கு அருகே ஒரு பூனை. பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே நிற்கும் தவசியைப் போலவே நிற்கிறது. கீழே எலிகள் பக்தியோடு அண்ணாந்து பார்க்கின்றன. மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில் இந்தப் பூனையின் கதை வருகிறது: கங்கைக்கரையில் கைதூக்கித் தவம் செய்வதாக நடித்து, நம்பி வந்த எலிகளை ஒவ்வொன்றாகத் தின்ற பூனை. தருமரை இப்படிப்பட்ட பூனை என்று ஏசித்தான் துரியோதனன் தூது அனுப்புகிறான். ஆனால் இத்தனை பெரிய தெய்வக் காட்சியின் நடுவே, இத்தனை பயபக்திக்கு இடையே, போலித் தவசிக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு சிற்பிக்குத் தோன்றியிருக்கிறதே!

தோன்றியதில் ஆச்சரியமும் இல்லை. மாமல்லனின் தகப்பன் மகேந்திரவர்மன் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ எழுதியவன். ஒரு காபாலிகன் குடித்துவிட்டுத் தன் கபாலத்தைத் தொலைக்கிறான். எடுத்தது நீதான் என்று ஒரு பௌத்த பிக்ஷுவோடு காஞ்சித் தெருவில் சண்டை போடுகிறான். உண்மையில் தூக்கிப்போனது ஒரு நாய். அரசனே சாமியார்களைக் கிண்டலடித்து நாடகம் எழுதிய நாட்டில் சிற்பிக்கு என்ன பயம்? நகைச்சுவைச் சொற்சித்திரம் எழுதும் நம் போன்றவர்களுக்கு மூத்த ஆசான் அந்தப் பெயர் தெரியாத கல்தச்சன்தான். நாம் இரண்டாயிரம் சொல் செலவழித்துச் சொல்வதை ஒரு முழ உயரத்துப் பூனையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

ரசிகமணி அந்தப் பூனைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் உண்மையான ரசிகர் வேறு ஒருவர் என்பது அங்கிருந்து பத்தடி தள்ளி, கிருஷ்ண மண்டபத்தில் தெரியவரும். ரசிகமணி தொல்லியல் துறையின் தகவல் பலகையைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்று. மனைவி திண்ணையோரம் உட்கார்ந்து ஒரு சிற்பத்தையே பார்க்கிறார். ஆயன் பால் கறக்கிறான். பசு திரும்பித் தன் கன்றை நக்குகிறது.

“ஏங்க, இங்க பாருங்களேன். கன்னை நக்கவிட்டுத்தான் கறக்குறான். எங்க தாத்தா வீட்டுலயும் இப்படித்தான், கன்னுக்குட்டி முன்னால நின்னாத்தான் லட்சுமி பால் சுரக்கும்.”

“அதெல்லாம் இருக்கட்டும், அந்தத் தூண் பக்கத்துல நில்லு. ஃப்ரேம் நல்லா இருக்கு.”

ரசிகமணியின் அம்மா இன்னொரு ரகம். கோயில் என்று சொல்லி அழைத்து வந்த எந்த இடத்திலும் கற்பூரம் காட்டவில்லை, துளசி கொடுக்கவில்லை என்று காலையிலிருந்து அவருக்கு மனக்குறை. கடற்கரைக் கோயிலில் இரண்டு சிவன் சந்நிதிகளுக்கு நடுவே பள்ளிகொண்டிருக்கும் பெருமாளைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “இவருக்குப் பூஜையே கிடையாதா?” கிடையாது என்றதும் அவர் ஒரு நிமிடம் தாமதிக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஊருக்குள் இருக்கும் ஸ்தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டார். நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று. பூதத்தாழ்வார் அவதரித்த கடல்மல்லை. மாமல்லபுரத்துக்கு வந்த குடும்பத்தில் வந்த காரியம் முடிந்து திரும்பியவர் அவர் ஒருவர்தான்.

வெண்ணெய் உருண்டை இல்லாமல் எந்தப் பயணமும் நிறைவேறாது. இருபதடி உயரப் பாறை. எடை 250 டன் என்கிறார்கள். சரிவில் உருளாமல் நிற்கிறது. அதைக் கையால் தாங்குவதுபோல ஒரு படம் எடுத்துக்கொள்வது இந்தியக் குடிமகனின் கடமைகளில் ஒன்றாகிவிட்டது. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அதன் முன்னால் கைகோத்துத் தூக்கி நின்ற பிறகு, நிற்க வேண்டிய இடமும் திட்டமாகிவிட்டது. “சரியா இங்கதான் நின்னாங்க” என்று மண்ணைக் காலால் தேய்த்துக் காட்டுவார் ரசிகமணி. யுனெஸ்கோ 1984-இல் இந்த ஊர்ச் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது அந்தச் சரிவில் சறுக்கி விளையாடும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது; ஆனால் பாறையை அதிகம் அனுபவிப்பவர்கள் அவர்கள்தான். கால்சட்டை தேய்வதைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கே அந்தக் கலை வாய்க்கும்.

ஐந்து ரதங்களில் அவர் ஓர் அசல் விமரிசனம் வைத்திருக்கிறார். ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்த கோயில்கள் அவை. முழுதாக முடிக்கப்படாமல் நின்றுபோனவை. பாண்டவர் பெயரெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. வழிகாட்டி இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்கிறது. “பாத்தியா? அப்பவே ஃபினிஷிங் வொர்க் பண்ணாம ஓடிட்டான். நம்ம ஃபிளாட் பில்டர் மாதிரியே.” வேளச்சேரி வீட்டுக் குளியலறை ஓடுகளின் வரலாறு அடுத்த இருபது நிமிடம். யானைச் சிற்பத்துக்குப் பக்கத்தில் நின்று சொன்னதால் அதுவும் கலை விமரிசனம் ஆகிறது.

கடற்கரைக் கோயிலில் கடலைக் காட்டி, “இங்க மொத்தம் ஏழு கோயில். ஆறு தண்ணிக்குள்ள இருக்கு” என்பார். பழைய மாலுமிகள் இந்த ஊரை ஏழு கோயில்களின் ஊர் என்றுதான் அழைத்தார்கள். 2004 சுனாமியின்போது மணல் விலகிச் செதுக்கிய பாறைகள் வெளிப்பட்டதும் உண்மை. அதற்கு மேல் கடல் என்ன வைத்திருக்கிறது என்பது ஆராய்ச்சிக்காரர்கள் பாடு. இவரோ, அலைக்குள் தெரியும் ஒவ்வொரு கறுப்புப் புள்ளியையும் கோபுரமாக எண்ணத் தொடங்குகிறார். ஐந்தாவது கோபுரம் எழுந்து வலையை உதறுகிறது. மீனவர்.

மாலையில் கடைத்தெரு. இரண்டடி உயரக் கருங்கல் பிள்ளையார் முன் அவர் கால்கள் நின்றுவிடுகின்றன. விரலால் தும்பிக்கையைத் தட்டிப் பார்க்கிறார். கல்லைத் தட்டிப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரியுமாம், எங்கோ படித்திருக்கிறார். என்ன தெரிந்தது என்று சொல்ல மாட்டார்.

“இது கையில செஞ்சதா, மெஷின்ல செஞ்சதா?”

கடைக்காரர் சிற்பி. மூக்கு நுனிவரை கல் தூசு. “கையிலதான் சார். மெஷினையும் கையிலதானே புடிக்கணும்.”

“என்ன விலை?”

“பதினெட்டாயிரம் சார். ஒரு மாச வேலை.”

“நாலாயிரம் வெச்சுக்குங்க.”

கலைக்கு விலையே கிடையாது என்று காலையில் தபசுப் பாறைக்கு முன்னால் சொன்னவர் இவர்தான். அந்தக் கொள்கையை மாலையில் அமல்படுத்திப் பார்க்கிறார். அரைமணி நேரம் பேரம் நடக்கிறது. சிற்பிக்கு இவர் வாங்க மாட்டார் என்று முதல் நிமிடமே தெரியும். இருந்தாலும் முகம் சுளிக்காமல் உளி பிடிப்பதைக் காட்டுகிறார், தாள அளவு சொல்கிறார், முகத்தை அலகாக வைத்து உடம்பை அளக்கும் முறையை விளக்குகிறார், கடைசியில்தான் கண் திறப்போம் என்கிறார். வாடிக்கையாளர் வாங்காமல் போனாலும் சொன்னது வீண்போகாது. அடுத்த வாரம் நாலு பேரிடம் போய்ச் சொல்லுவார், அதில் ஒருவர் வாங்குவார் என்பது அவர் கணக்கு. பிறகு ரசிகமணி வண்டியின் பின்சீட்டை அளந்து பார்த்து, பிள்ளையார் ஏறினால் அம்மா ஆட்டோவில்தான் வர வேண்டும் என்று கண்டு, கனத்த மனத்தோடு கையை விரிக்கிறார். வாங்கியது மாவுக்கல்லில் சாய்ந்து படுத்துப் புத்தகம் படிக்கும் கையகலப் பிள்ளையார், இருநூறு ரூபாய். அந்த வீட்டில் ஒருவராவது படிக்கட்டும்.

ராத்திரி ஒத்தவாடைத் தெருவில் அவருக்கு இன்னொரு அவதாரம். வெள்ளைக்காரர்கள் தங்கும் சந்து. விதவிதமான விளக்குகள், இறகு தொங்கும் வளையங்கள், அலைச்சறுக்குப் பலகைகள். அங்கே யானை அச்சடித்த தொளதொளக் கால்சட்டை ஒன்று வாங்கி உடனே மாட்டிக்கொள்கிறார். மாடி உணவகத்தில் தட்டில் பரப்பி மீன் கொண்டுவந்து காட்டுவார்கள்: வஞ்சிரம், வவ்வால், கடம்பா, இறால், நண்டு. அன்று முழுவதும் எந்தச் சிற்பத்தையும் பார்க்காத உன்னிப்போடு அவர் அந்தத் தட்டைப் பார்க்கிறார். செவுளைத் தூக்கி நிறம் பார்க்கிறார். கண் தெளிவாக இருக்கிறதா என்று குனிகிறார். வாலருகே அழுத்தி, பள்ளம் மீள்கிறதா என்று கவனிக்கிறார். பரிமாறுகிறவர் பயபக்தியோடு நிற்கிறார். சொல்லத்தான் வேண்டும்: அந்த ஐந்து நிமிடத்தில் அவர் போலியே அல்ல. ஒரு பொருளின் முன் வாய்மூடி நின்று, தொட்டு, உற்று, தனக்குத் தெரிந்த அத்தனையையும் கண்ணுக்குக் கொண்டுவந்து பார்ப்பதுதான் ரசனை என்றால், அது அவரிடம் நிறைய இருக்கிறது. கல் பக்கம்தான் இன்னும் திரும்பவில்லை.

திங்கட்கிழமை ஆபீசில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் சபை கூடுகிறது. நாலைந்து இளைஞர்கள், கையில் காகிதக் கோப்பை. தாள அளவு, கண் திறப்பு, ஆயனர், ஆறு கோயில் எல்லாம் வரிசையாக வருகின்றன. அர்ஜுனன் எப்படி நிற்கிறான் என்று காட்ட வேண்டிய கட்டம். ஒரு காலை மடக்கி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறார். இளைஞர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தக் கல்தச்சன் இருந்திருந்தால் உடனே உளியை எடுத்திருப்பான்.

“சார், அந்த ரிசார்ட்ல பிரேக்ஃபாஸ்ட் சேர்த்தா, தனியா?” என்கிறான் ஒருவன்.

கை இறங்குகிறது. காலும் இறங்குகிறது. எந்தப் பக்கத்து அறையில் உளிச் சத்தம் கேட்காது, தோசை எத்தனை மணிக்குத் தீரும், இரண்டாவது ஆம்லெட்டை யாரிடம் சொல்லி வாங்க வேண்டும் என்று அரைமணி நேரம் விளக்குகிறார். ஒரு தகவல்கூடத் தப்பில்லை.